படகில் பேசக் கூடாது

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவது எப்படி என்று யாராவது அந்த அம்மாளைக் கேட்டிருந்தால், "மழைக்காலத்துல தகரக் கூரைக்குக் கீழ இருக்கிற மாதிரிதான், பழகிடும்" என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்டதில்லை. அவர் பேசி முடித்தால்தானே இன்னொருத்தர் வாயைத் திறக்க முடியும்?

ஊருக்கே அவர் மைக்காரர். பேருந்து நிலையத்தின் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு சுழல் நாற்காலி, ஒரு மைக், டீ டம்ளர் வைத்து வைத்து வட்டம் வட்டமாகக் கறை ஏறிய ஒரு மேசை. எந்த வண்டி எந்த நடைமேடையில் வருகிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது, எல்லாம் அவர் வாயால்தான் வெளியே வரும். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். கூட்டத்தில் முதல் தடவை யாருக்கும் சரியாகக் காதில் விழாது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. வீட்டில் எல்லாம் ஒரே தடவைதான், அதற்குள் அடுத்த விஷயம் வந்து வரிசையில் நிற்கும்.

அந்த அம்மாள் நெசவு மில்லில் மேஸ்திரி. தறிகள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். இரண்டு விரலைச் சேர்த்துவைத்துப் பட்டென்று பிரித்தால் நூல் அறுந்தது. வயிற்றைத் தடவிக் காட்டினால் மேனேஜர் வருகிறார். கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் போய்த் தொலைந்தார். இப்படி மாமியார் கொடுமையிலிருந்து மருமகன் சம்பளம் வரைக்கும் பேசுகிற அளவுக்கு அந்தக் கைப்பேச்சு வளர்ந்திருந்தது. மில்லில் அவளுக்கு நெருங்கிய தோழி ஒருத்தி உண்டு. ஆள் ஒல்லி, வாய் கூர்மை. குண்டூசி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அந்தக் குண்டூசிதான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தாள். அவளுடைய மருமகன் அவளைக் காட்டுக்குள் ஓடும் ஒரு ஆற்றுக்குக் கூட்டிப்போனான். இரண்டு கரையிலும் வானம் தெரியாத காடு, நடுவில் துடுப்புப் படகு. திரும்பி வந்தவள் தறிகளுக்கு நடுவில் நின்று கையாலேயே கதை சொன்னாள். முதலை, நீர்நாய், வால் நீண்ட குரங்கு எல்லாம் வந்தன. கடைசியில் இரண்டு கையையும் அகல விரித்து மெதுவாக அடித்துக் காட்டிவிட்டு, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்தினாள். இருவாச்சிப் பறவை. அது பறக்கும்போது இறக்கை போடும் சத்தம் பறவைக்கு முன்னால் வந்துவிடுமாம். கனத்த சத்தம். காதில் கேட்பதற்கு முன்னாலேயே நெஞ்சுக்குள் தெரியுமாம்.

மேஸ்திரியம்மாளுக்கு அந்தச் சைகை மனதை விட்டுப் போகவில்லை. காரணம் இருந்தது. அவள் காது போய்க்கொண்டிருந்தது.

இத்தனை வருஷம் தறிகளுக்கு நடுவில் நின்றால் காது என்ன இரும்பா? முதலில் சைக்கிள் மணி போயிற்று. அப்புறம் குருவி, குக்கர் விசில், மகள் போனில் பேசுவது. டாக்டர் ஹெட்போன் மாட்டிப் பார்த்துவிட்டு, "மேல் சத்தமெல்லாம் போயிடுச்சும்மா. கனமான சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கு. அதுவும் இப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது. காதுக்கு மெஷின் வெச்சுக்கலாம்" என்றார். மெஷின் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனால் அடுத்த நாளே மடிப்புப் பிரிவில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று அவள் பயந்தாள். மேஸ்திரி வேலை போய்விடும். "அப்புறம் பார்க்கலாம் டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

குண்டூசிக்கு மட்டும் தெரியும். புருஷனிடம் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதும் கூண்டுக்குள் போய் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று, சாயங்காலம் கண்டக்டர்கள் வரைக்கும் "வீக்கம் வடிஞ்சுதாம்மா?" என்று விசாரித்தார்கள். பல்லாவது போகட்டும், காது விஷயம் மில் கேட்டுக்குள் நுழைய எவ்வளவு நேரம் ஆகும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தொழில் பழக்கத்தில் அவர் ஒவ்வொரு எழுத்தையும் வாயைத் திறந்து, உதட்டைக் குவித்துப் பேசுவார். உதட்டைப் படிக்கத் தெரிந்தவளுக்கு அது பெரிய எழுத்தில் அச்சடித்த புத்தகம். அவர் எதிரே இருந்தால் அவளுக்கு ஒரு வார்த்தை தப்பாது. முகம் திரும்பிவிட்டால் பொதுவாக ஒரு தலையாட்டல். பதில் எதிர்பார்க்காத மனுஷனுக்கு அந்தத் தலையாட்டல் போதுமானதாக இருந்தது.

ஆக, அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மிச்சமிருக்கிற காதும் போவதற்குள் அந்த இறக்கைச் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். முதலையும் குரங்கும் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

"ஏங்க, ஒரு ஆத்துக்குப் போகலாமா?" என்று ஒரு காலையில் கேட்டாள்.

"போகலாமே! எந்த ஆறு? பஸ் எத்தனை மணிக்கு? எங்க மாறணும்? நம்ம டிரைவர் ஒருத்தர் அந்தப் பக்கம் போறவரு..." என்று ஆரம்பித்தவர், சட்டை மாட்டி, செருப்புப் போட்டு, படியிறங்கி, தெருமுனை திரும்பும் வரைக்கும் நிறுத்தவில்லை என்பது அவர் தோள் ஆடுவதில் தெரிந்தது.

திட்டம் முழுக்க அவளுடையது. எப்போது போவது என்பதை அத்திப்பழம்தான் தீர்மானித்தது. ஆற்றங்கரை அத்தி மரங்கள் பழுக்கும் மாதத்தில்தான் இருவாச்சி ஆற்றைக் கடந்து கடந்து பறக்கும் என்று குண்டூசி சொல்லியிருந்தாள். மழை விட்டு, தண்ணீர் கலங்கல் தெளிந்து, அட்டைகள் கொஞ்சம் அடங்கிய சமயம் அது. மில்லில் அதற்கு ஏற்ப லீவு கேட்டு வைத்தாள். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரைக்கும் வரும் துணி உறை தானே தைத்தாள், மில்லில் கழித்துப் போட்ட கெட்டித் துணியில். பவுடர், சென்ட், தலைக்கு வாசனை எண்ணெய் எதுவும் கூடாது. உடுப்பு மண் நிறத்திலோ இலை நிறத்திலோ இருக்க வேண்டும். மைக்காரருடைய பீரோவைத் திறந்தால் எல்லாம் கண்ணைப் பறிக்கும் சட்டை. கூண்டுக்குள் இருந்தாலும் நாலு பேர் பார்க்க வேண்டாமா என்பது அவர் கட்சி. கடைசியில் பழைய டிரைவர் ஒருத்தரின் காக்கிச் சட்டையை வாங்கிப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று, "ஓட்டுநர் கவனத்திற்கு" என்று சொல்லிக்கொண்டார்.

படகுக்காரருக்குப் போன் போடும் வேலையை அவரிடமே கொடுத்தாள். "உங்க குரலுக்குத்தான் மரியாதை" என்றாள். அவருக்கு வாயெல்லாம் பல். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகுக்காரருக்குச் சட்டம் ஒன்று உண்டு. முதல் வளைவு வரைக்கும் மோட்டார் ஓடும், அதுவரைக்கும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். வளைவு தாண்டினதும் மோட்டாரை நிறுத்தித் துடுப்பு போடுவார். அங்கிருந்து திரும்பி அந்த வளைவுக்கு வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் படகு அங்கேயே திரும்பிவிடும், பாதியில் விட்டதை இன்னொரு நாள் என்றெல்லாம் கேட்கக் கூடாது.

"பேசாம இருப்பீங்கள்ல?" என்று கேட்டிருக்கிறார் படகுக்காரர்.

"பேச்சா? நானா? என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! எங்க வேலையில ஒரு வார்த்தை கூடுதலாப் பேச முடியாது தெரியுமா? ஒரு தடவை என்ன ஆச்சுன்னா..." என்று தொடங்கி, பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியது. மேஸ்திரியம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். இந்த மனுஷன் வாய் திறந்தால் படகு திரும்பும். படகு திரும்பினால் அவளுக்கு இந்த ஜென்மத்தில் இருவாச்சி இல்லை.

ஒத்திகை பார்க்கலாம் என்று தீர்மானித்தாள். மொட்டைமாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். அதுதான் படகு. தண்ணீர்த் தொட்டி நிரம்புகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் சம்மணம் போட்டு, உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கன்னம் உப்பியது. காது சிவந்தது. கைப்பிடிச் சுவரில் ஓர் அணில் ஏறியது.

"பயணிகள் கவனத்திற்கு! கிழக்குப் பக்கச் சுவரில் அணில் ஒன்று வந்துகொண்டிருக்கிறது!" என்றார். பழக்கதோஷத்தில் அதை இரண்டு தடவை சொன்னார்.

"போச்சு, படகு திரும்பிடுச்சு" என்றாள்.

"அணிலுக்கே இப்படின்னா முதலை வந்தா எப்படிம்மா சும்மா இருக்கிறது? உடம்புக்கு ஆகாதும்மா." அவர் குரலில் உண்மையான கவலை இருந்திருக்க வேண்டும், முகம் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காக்கை, அதற்கடுத்த நாள் எதிர்வீட்டுப் பூனை. ஒரு நாளும் தொட்டி நிரம்பும்வரை தாங்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தனியாகப் போய்விடலாமா என்றுகூட யோசித்தாள். அப்புறம்தான் அந்த யோசனை தோன்றியது. அடைத்தால் உடைத்துக்கொண்டு வரும், வேறு வழியாக வெளியே விட்டால் என்ன? மில் கைப்பேச்சைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அவர் படகில் கையால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

மனுஷன் பிடித்துக்கொண்டார் பாருங்கள், கற்பூரம்தான். வருது, போகுது, இடது, வலது, தண்ணி, சாப்பாடு, நூல் அறுந்தது, மேனேஜர், இருவாச்சி, எல்லாம் மளமளவென்று வந்துவிட்டது. சாப்பிடும்போது கை பேசி, சோறு சுவரில் ஒட்டியது. கூண்டுக்குள்ளிருந்து கண்டக்டர்களுக்குச் சைகை காட்ட, அவர்கள் இவருக்கு உடம்புக்கு என்னவோ என்று ஓடிவந்தார்கள். மொட்டைமாடியில் தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடியபோதுகூட அவர் வாய் திறக்கவில்லை. அணில், காக்கை, பூனை, மூன்றும் கையாலேயே போயின.

"இது என்ன?" என்று ஒரு நாள் கேட்டார். வாய்க்குப் பக்கத்தில் முஷ்டியை வைத்துத் திருகிக் காட்டினார். குண்டூசி அடிக்கடி செய்வதைப் பார்த்திருக்கிறார்.

"குழாய்" என்றாள்.

"குழாய்ன்னா?"

"மில்லுல ஒரு பிளம்பர் இருக்காரு" என்றாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் குண்டூசி வீட்டுக்கு வந்தாள், தன்னிடமிருந்த பைனாகுலரைக் கொடுத்துவிட்டுப் போக. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மைக்காரர் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பேருந்து நிலையத்துக்குப் புதிதாக வந்த மேலாளரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சுக்கு நடுவில் இந்த இரண்டு பெண்களும் கையால் பேசிக்கொள்வது காலம் காலமாக நடப்பதுதான். பழக்கம் யாரை விட்டது? அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அவளுக்கு அந்த நேரம் மறந்துபோயிற்று. குண்டூசிக்கோ அது தெரியவே தெரியாது.

குண்டூசி வாய்க்குப் பக்கத்தில் முஷ்டியைத் திருகினாள். காதைத் தொட்டாள். இரண்டு விரலைச் சேர்த்துப் பட்டென்று பிரித்தாள். அப்புறம் புருவத்தை உயர்த்தினாள். குழாய்கிட்ட காது விஷயம் சொல்லியாச்சா?

மேஸ்திரியம்மாள் தலையை ஆட்டினாள். இல்லை. கைகளை அகல விரித்து மெதுவாக அடித்தாள், காதைத் தொட்டாள், கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினாள். அந்தப் பறவையைக் கேட்டதுக்கு அப்புறம். அதுக்குள்ள மொத்தமாப் போயிடுமோன்னு பயமா இருக்கு.

எதிரே உதடுகள் அசையவில்லை. அதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். புது மேலாளர் கதை பாதியில் நின்றிருந்தது.

அவர் பைனாகுலரை மடியில் வைத்தார். முஷ்டியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத் திருகி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். குழாய் நான்தானா? அப்புறம் அவளைக் காட்டி, காதைத் தொட்டு, இரண்டு விரலைப் பிரித்தார்.

"ஐயோ அக்கா, அண்ணனுக்கு இது தெரியுமா?" என்று குண்டூசி வாய்விட்டே கத்தினாள். அப்புறம் அடுப்பில் பால் இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிப்போனாள்.

மைக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் லேசாக ஆடின. பேசுகிறார் என்று தெரிந்தது. என்ன பேசினார் என்று தெரியவில்லை. வழக்கமான தலையாட்டல் இந்தத் தடவை வரவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் திரும்பியபோது கண்ணில் தண்ணீர் இருந்தது.

"கேட்கலையா?" என்றார்.

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"முகத்தைப் பார்த்தாத்தாங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "குண்டூசிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா? நான் யாரு இந்த வீட்டுல? வழிப்போக்கனா?"

"ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட சொல்லல" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று தெரிந்தது. அவர் பீரோவிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து மடித்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"நீ போய்ட்டு வா. நான் வரல. அங்க நான் ஒரு வார்த்தை விட்டுட்டேன்னா உனக்கு அது போச்சு. அப்புறம் என்னை என்னாலேயே மன்னிக்க முடியாது."

அவள் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனியாகப் போவது சுலபம். சொல்லப்போனால் அதைத்தான் அவளே ஒரு சமயம் யோசித்தாள். இப்போது அவராகச் சொன்னபோது மனது கேட்கவில்லை, அழுகை வந்தது.

"வாங்க" என்றாள். "சத்தம் எந்தப் பக்கத்திலேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. யாராவது சொன்னாத்தானே திரும்ப முடியும்."

அந்த வாரம் முழுக்க அவள் காத்திருந்தாள், யார் முதலில் காதைப் பற்றி விசாரிக்கப் போகிறார்கள் என்று. பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர், "ஆத்துக்குப் போறீங்களாமே, முதலை பத்திரம்" என்றார். கண்டக்டர் ஒருவர் காக்கிச் சட்டையைப் பற்றிக் கிண்டலடித்தார். மில் கேட்டில் வாட்ச்மேன் எப்போதும் போல மணி பார்த்தார். காதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அவளுக்கு இதை நம்பவே முடியவில்லை. இவ்வளவு பெரிய செய்தியை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படித் தூங்குகிறார்?

ஆற்றில் விடியும்போது பனி தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. படகில் அவர்களைத் தவிர இன்னும் இருவர் பின்னால் இருந்தார்கள். மைக்காரர் முன்னால், அவளுக்கு எதிராகத் திரும்பி உட்கார்ந்தார். காட்டைப் பார்க்காமல் இந்த ஆள் எதற்குப் பின்பக்கம் பார்த்து உட்காருகிறார் என்று படகுக்காரர் விசித்திரமாகப் பார்த்தார். முதல் வளைவு வந்தது. மோட்டார் நின்றது.

நீர்நாய்க் குடும்பம் ஒன்று கரையிலிருந்து சறுக்கி விழுந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தை அவர் கேட்டு, கையால் சொல்ல, அவள் திரும்பிப் பார்த்தாள். மணல் திட்டில் முதலை வாயைப் பிளந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் கன்னம் உப்பியது, காது சிவந்தது. அவர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார், அப்புறம் கையை எடுத்து, வயிற்றைத் தடவிக் காட்டினார். மேனேஜர். சிரிப்பை அடக்க அவள் படாத பாடு பட்டாள்.

அத்தி மரங்கள் வந்தன, போயின. வெயில் ஏறியது. பறவை இல்லை. படகுக்காரர் துடுப்பை மறுபக்கம் மாற்றிப் படகைத் திருப்பினார். வளைவு தூரத்தில் தெரிந்தது. அவ்வளவுதான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கினாள். தூரம் கடந்து வந்து, இவ்வளவு ஏற்பாடும் செய்து, கிடைக்காமல் போவதும் நடக்கிறதுதானே என்று.

அப்போது அவர் கையைத் தூக்கினார். இடது. வருது. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

அவள் இடப்பக்கம் திரும்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. மரங்கள், அதற்கு மேல் வெள்ளை வானம். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். வருது, வருது என்று அவர் கை அடித்துக்கொண்டது. மறுபடி மரங்களைப் பார்த்தாள். முதலில் நெஞ்செலும்புக்குள் ஏதோ தட்டிற்று. அப்புறம் காதுக்குள் வந்தது. மில் சுவருக்கு வெளியே நின்றால் தறிகளின் சத்தம் எப்படி வருமோ அப்படி, ஆனால் மெதுவாக, காற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு. பெரிய மஞ்சள் அலகோடு ஒரு பறவை ஆற்றின் குறுக்கே அவர்கள் தலைக்கு மேல் போயிற்று. பின்னால் இன்னொன்று. இரண்டின் இறக்கையும் கேட்டது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் பறவையைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று அவள் முகத்தில் தெரிந்த பிறகுதான் கையைக் கீழே போட்டார்.

வளைவு தாண்டி மோட்டார் உயிர்பெற்றது. அவ்வளவுதான், அணை உடைந்தது. நீர்நாய், முதலை, படகுக்காரர் துடுப்பு பிடிக்கும் லட்சணம், பின்னால் இருந்தவர் தும்மலை அடக்கிய விதம், எல்லாம் வந்தது. உற்சாகத்தில் கரையைக் காட்டுவதற்காக அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினார். மோட்டார் சத்தத்தில் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. தலை தானாக ஆடத் தொடங்கியது, இத்தனை வருஷமும் ஆடியது போல.

பாதி ஆட்டத்தில் அதை நிறுத்தினாள். அவர் முழங்காலைத் தட்டினாள்.

"என்னங்க சொன்னீங்க? எனக்குக் கேட்கல."

அவர் பேச்சை நிறுத்தினார். அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வது போலக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஆரம்பத்திலிருந்து சொன்னார், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.